பரோலோவுக்கு முதுகு காட்டியவன்

படகுப் பாலம், மாந்துவா
24 நவம்பர் 1971

அன்பு மருமகள் நீவெஸுக்கு,

இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்பப் போவதில்லை. உன் அம்மா நம்பவில்லை. நம் பாதிரியாரும் நம்பவில்லை. நம்புவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர். ஆகவே நம் ‘போ’ ஆற்றின் மூடுபனி மீதும், என் கொட்டகையில் நுரைத்துக்கொண்டிருக்கும் லம்புருஸ்கோ ஒயின் மீதும், காலம் சென்ற உன் அப்பாவின் தொப்பி மீதும் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். இது முழுக்க முழுக்க யாராலும் நம்ப முடியாத கதை. நம்பினால் அது உன் தவறு.

ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்த விருந்து முடிந்து, ரயிலடியில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாய். அங்கே மலை ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது நடந்ததை விளக்கியாக வேண்டும்.

முதலில் மூடுபனி. அன்று காலை, படகுகளைக் கோத்துக் கட்டிய நம் பாலத்தின் நடுப் படகு ஒன்று கட்டவிழ்ந்து போய்விட்டது. பாலத்துக்காரன் நானே கவனிக்கவில்லை. இரண்டு டிராக்டர்களும் ஒரு பால் வண்டியும் அந்த இடைவெளியில் பனிமேலேயே ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தன. அப்படிப்பட்ட பனி. உன் வருங்கால மாமனார் செவெரீனோ வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பனியும் உள்ளே வந்துவிட்டது. உன் அம்மா ரொட்டிக் கத்தியால் அதைத் துண்டு துண்டாக அறுத்து ஜன்னல் வழியே போட்டாள். மாப்பிள்ளை எட்டோரே ஒரு துண்டை நாகரிகமாகக் கையால் வாங்கிக்கொண்டான். நல்ல பையன்.

செவெரீனோ தன் பரோலோ ஒயின் பாட்டில்கள் இரண்டை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே ரயிலில் வந்தாராம். சாய்த்தால் வண்டல் கலங்கிவிடுமாம். குழந்தையைக்கூட யாரும் இப்படித் தூக்கி வந்து நான் பார்த்ததில்லை. அவர் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றினார். கோப்பையைத் தூக்கி, “எங்க பொண்ணு நீவெஸுக்கு” என்றார். அந்த நேரம் பார்த்து உன் அம்மா சூப்பைக் கொண்டு வந்து வைத்தாள்.

சூப் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? கிண்ணத்தில் ஒயினை ஊற்றுவோம். எழுந்து நிற்போம். மேசைக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்துத் திரும்பி, உறிஞ்சிக் குடிப்போம். உறிஞ்சுகிற மூஞ்சியை விருந்தாளிக்குக் காட்டக் கூடாது; அதுதான் மரியாதை. நான் அதைத்தான் செய்தேன். என் லம்புருஸ்கோ பாட்டில் பனியில் எங்கோ தொலைந்துவிட்டது. கைக்கு வந்தது அவருடைய பரோலோ. ஊற்றினேன். திரும்பினேன்.

அங்கேதான் அதிசயம். கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவி கண்ணில் அடித்து, கண்ணிலிருந்து தண்ணீர் கிண்ணத்தில் கொட்டி, நான் குடிக்கக் குடிக்கக் கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருந்தது. அடிமட்டத்தைப் பார்க்கவே முடியவில்லை. போ ஆறே ஒரு சாண் உயர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். “என்னக்கா, சூப்புல உப்பு ஜாஸ்தி” என்றேன். “நான் சரியாத்தான்டா போட்டேன்” என்றாள் உன் அம்மா. ஒருவழியாகக் குடித்து முடித்துத் திரும்பினால் செவெரீனோவின் நாற்காலி காலி. தொப்பியும் இல்லை. அவித்த கறி வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை அந்த மனுஷன்.

இதுதான் நடந்தது. என்மேல் எள்ளளவும் குற்றமில்லை.

உன் மாமா,
எர்மெஸ்

*

ஆல்பா
1 டிசம்பர் 1971

மாமாவுக்கு,

உங்கள் கதையைப் படித்தேன். பனி சுமாராகத்தான் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன் என்பதை மறந்துவிட்டீர்களா?

திரும்பும் ரயில் அலெஸ்ஸாந்திரியா வந்தபோதுதான் எட்டோரேயின் அப்பா பேசினார். முதல் கேள்வியே இதுதான். “உன் மாமாவுக்கு என்மேல என்ன கோபம்?”

“கோபமெல்லாம் இல்லீங்க. எங்க ஊர் வழக்கம்.”

“விருந்துக்கு வந்தவனுக்கு முதுகைக் காட்றது வழக்கமா?”

அடுப்பைப் பார்த்தார், உங்களுக்கு முதுகைக் காட்டவில்லை என்று சொன்னேன். “அடுப்பு அவ்வளவு அழகா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஒயின் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பரோலோ. அதற்கு முன்பெல்லாம் அவர்கள் திராட்சையைக் கூடைகூடையாக வியாபாரியிடம் விற்றுக்கொண்டிருந்தவர்கள். சொந்தப் பீப்பாயில், சொந்தப் பெயரில் அவர் வடித்த முதல் ஒயின் அது. மகன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பாட்டில்கள். நீங்கள் அதைக் கோழிச் சாற்றில் கொட்டினீர்கள்.

மலைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. பரோலோவைக் குடிக்க இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. முதல் வாய் கோபக்கார வாத்தியார் மாதிரி இருக்கும். ஈறெல்லாம் துவர்க்கும். அங்கேயே வைத்துவிட்டால் போச்சு. காத்திருந்தால் உள்ளேயிருந்து வாடிய ரோஜா வரும், புதுத் தார் ரோடு வாசனை வரும், கடைசியில் காய்ந்த அத்திப்பழம் வரும். நிறம் பழைய செங்கல் மாதிரி. இந்த அவசரக்கார உலகத்தில் நம்மைக் காக்க வைப்பதற்கு அந்த ஒயினுக்குத் துணிச்சல் இருக்கிறது.

எட்டோரேயின் அப்பா ஒன்று சொல்லிவிட்டார். நீங்கள் மன்னிப்புக் கேட்டு அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரியில் கல்யாணப் பந்தியில் நீங்கள் இருக்கக் கூடாது. நீங்கள் வராவிட்டால் கோயிலில் என் கையைப் பிடித்து அழைத்துப் போக யார் இருக்கிறார்கள்?

நாலே வரி போதும். பொய் வேண்டாம். டிராக்டரும் வேண்டாம்.

நீவெஸ்

*

படகுப் பாலம்
8 டிசம்பர் 1971

மதிப்புக்குரிய மலைநாட்டு மகாராணி நீவெஸுக்கு,

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. இந்தக் கடிதத்துக்கு எப்படி மை வந்தது என்று கேட்காதே; அது வேறு பேனா.

நான் மன்னிப்புக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? சூப்பில் ஒயின் ஊற்றிக் குடித்த நம் ஊர்ப் பிணங்கள் அத்தனையும் கல்லறையைத் தள்ளித் திறந்துகொண்டு பாலத்துக்கு வந்துவிடும். எல்லாம் கனமான ஆட்கள். என் படகுகள் தாங்காது. உன் அப்பாதான் முதலில் வருவார், கையில் கிண்ணத்தோடு. “ஏன்டா எர்மெஸ், எதுக்குடா மன்னிப்பு? குடிச்சதுக்கா?” என்பார்.

உன் மாமனாரின் ஒயினைப் பற்றி நீ எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தார் ரோடு வாசனை என்றதும், “பாவம், பொண்ணுக்கு உடம்பு சரியில்லையோ” என்றாள். நானும் அதைக் குடித்தவன்தான். பச்சை வால்நட் தோலைக் கடித்தமாதிரி இருந்தது. நாக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

ஒயின் என்றால் எப்படி இருக்க வேண்டும்? ஊற்றினால் சிரிக்க வேண்டும். என் லம்புருஸ்கோவைப் பார். கார்க்கைத் தளர்த்தினால் போதும், போன வருஷம் ஒரு பாட்டில் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் வைத்தது; அங்கே இப்போது யாரோ கோழி வளர்க்கிறார்கள். சலாமித் தொத்திறைச்சியைக் கனமாக நறுக்கி வாயில் போடு. கொழுப்பு நாக்கில் படர்ந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்க மாட்டேன் என்னும். அப்போது ஒரு மடக்கு லம்புருஸ்கோ. நுரை வந்து கொழுப்பின் காதைத் திருகி வெளியே அனுப்பும். வாய் புதுசாகிவிடும். அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகும். பரங்கிக்காய் பொதித்த அப்பத்துக்கும் அதுதான், பன்றிக்கறிக்கும் அதுதான், காரம் ஏறிய பழ ஊறுகாய்க்கும் அதுதான். காத்திருக்கச் சொல்லாது. ரோஜாவெல்லாம் தராது. ரோஜா வேண்டுமென்றால் தோட்டத்துக்குப் போ.

சரி, வாதத்துக்கு வருகிறேன். நான் செய்த குற்றம் என்ன? ஊற்றியது குற்றமா, திரும்பியது குற்றமா? ஊற்றியது குற்றம் என்றால் உன் அம்மாவின் சூப்பை அவர் கேவலம் என்கிறார். மூன்று கோழியும் ஒரு மாட்டெலும்பும் நாள் முழுக்க வெந்த சூப் அது. அவர் ஒயினைவிட எந்த விதத்தில் தாழ்ந்தது? திரும்பியது குற்றம் என்றால், மரியாதைக்காகத் திரும்பினவனை அவமரியாதைக்காரன் என்கிறார். இரண்டுக்கும் மன்னிப்பு அவர்தான் கேட்க வேண்டும். எழுதி அனுப்பச் சொல். பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.

பந்தியில் எனக்கு இடம் இல்லையென்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மடியில் சூப் கிண்ணம். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

வளையாத,
எர்மெஸ் மாமா

*

ஆல்பா
17 டிசம்பர் 1971

மாமாவுக்கு,

நீங்கள் வளைய மாட்டீர்கள் என்பது தெரிந்ததுதான். நான் யார் மருமகள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை எட்டோரேயின் அப்பாவிடம் காட்டவில்லை. அவரிடம் போய் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, என் மாமாவிடம் இனி மன்னிப்புக் கேட்கச் சொல்ல மாட்டேன். இரண்டு, அவர் பந்தியில் இல்லையென்றால் எங்கள் ஊர் ஆட்கள் யாரும் பந்தியில் இருக்க மாட்டார்கள்; மணப்பெண்ணும் எங்கள் ஊர் ஆள்தான். எட்டோரே வெளுத்துப் போனான். அவன் அப்பா பீப்பாயைத் துடைத்துக்கொண்டே, “உன் மாமா மாதிரியே பேசறே” என்றார். அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை.

ஆனால் உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை காட்டலாம் என்று நினைக்காதீர்கள். அப்படி வந்தால் உங்கள் கையை நான் பிடிக்க மாட்டேன். தனியாகவே நடந்து போய்க்கொள்வேன். எனக்குக் கால் இருக்கிறது.

இத்துடன் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கொண்டு வருவது எட்டோரேயின் நண்பன். அவனுக்கு உங்கள் லம்புருஸ்கோவைக் கொடுத்து மயக்காதீர்கள், அவன் திரும்ப லாரி ஓட்ட வேண்டும். இது அறுபத்தொன்றாம் வருஷத்துப் பரோலோ. ஒரு நாள் முழுக்க நிற்க வையுங்கள். குடிக்கிற அன்று காலையிலேயே திறந்து விடுங்கள், மூச்சு விடட்டும். பெரிய கோப்பை வேண்டும். பல் தேய்க்கிற டம்ளர் ஆகாது. மீனோடு குடிக்காதீர்கள். இனிப்புச் சேர்ந்த எதோடும் குடிக்காதீர்கள். மாட்டுக்கறியை ஒயினில் ஊற வைத்து, சின்னத் தீயில் பொழுதெல்லாம் வேக வைத்து, கரண்டியால் தொட்டாலே பிரிகிற பதத்தில் அதோடு குடியுங்கள். துவர்ப்புக்குக் கடிக்க ஏதாவது வேண்டும். கறி கிடைத்தால் உங்கள் ஈறை விட்டுவிடும்.

சூப் கூடாது.

குடித்துவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உண்மையை.

நீவெஸ்

*

படகுப் பாலம்
6 ஜனவரி 1972

அன்பு மருமகளே,

லாரிக்காரப் பையன் இரண்டு நாள் இங்கேயே தங்கிவிட்டான். நான் மயக்கவில்லை. சலாமிதான் மயக்கியது.

உன் கட்டளைகளை வாசல் கதவில் ஆணியடித்து மாட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக மீறினேன். இன்னொருவர் பேச்சை நம்பி ஒயின் குடிப்பவன் இன்னொருவர் வாயால் குடிப்பவன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விலாங்கு மீன். முதல் கோப்பை அதோடு. மருமகளே, வாய்க்குள் ஒரு தகர டப்பா உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செத்த விலாங்கு தட்டிலிருந்து எழுந்து ஆற்றைப் பார்த்துப் போய்விட்டது, நான் தடுக்கவில்லை. அடுத்து உன் அம்மாவின் பரங்கிக்காய் அப்பம். இனிப்பும் துவர்ப்பும் என் நாக்கில் ஏறி நின்று சண்டை போட்டன. ஒன்று இடது கன்னத்துக்கும் ஒன்று வலது கன்னத்துக்கும் பிரிந்து போய், புது வருஷம்வரை பேச்சு வார்த்தை இல்லை.

பாட்டிலில் பாதி மிச்சம். உன் அம்மாதான், “பாவம்டா, ஒரு தடவை அந்தப் பொண்ணு சொன்னமாதிரி குடிச்சுப் பாரேன்” என்றாள். எங்களுக்கு மாட்டுக்கறி எதற்கு? கழுதைக்கறி இருக்கிறது. வெங்காயம், கிராம்பு, பட்டை போட்டு, காலையில் அடுப்பில் ஏற்றியது. இருட்டும்போது கறி கரண்டியைப் பார்த்தே விழுந்துவிட்டது. பெரிய கோப்பை இல்லாததால் பூச்சாடியைக் கழுவி வைத்தேன்.

குடித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன், அபிப்பிராயம் கேட்காதே. உன் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நானும் வைத்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தலாமா என்று தோன்றியது. கடைசியில் உன் அம்மா சொன்னாள்: “அவ சொன்னாளே, ரோஜா.” நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வெளியே பனிதான் இருந்தது.

மனுஷனைப் பேச விடாத ஒயின் நல்ல ஒயினா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததே கிடையாது. எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள். காலி பாட்டிலை ஏன் தூக்கிப் போடவில்லை என்று உன் அம்மா கேட்கிறாள். தண்ணீர் வைக்க உதவும் என்று வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கடிதம் கிடையாது. நீ தனியாக நடந்து போவாய் என்றாய். போ. ஆனால் இடது காலை முதலில் வை. வலது காலில் சின்ன வயதிலிருந்தே உனக்குத் தடுக்கும். நான் பக்கத்தில் இருந்ததால்தான் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

எர்மெஸ்

*

ஆல்பா
21 ஜனவரி 1972

மாமாவுக்கு,

ஒரு விஷயம் நடந்தது. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் நான் பொய் சொல்லிப் பழகாதவள்.

போன ஞாயிறு எட்டோரே வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கறி பொதித்த சின்ன மாவு முடிச்சுகள் செய்திருந்தார்கள். நம்முடையதைவிடச் சின்னது, இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி மூடுவார்கள். எங்களுக்கெல்லாம் நெய் விட்டுக் கொடுத்தார்கள். எட்டோரேயின் அப்பா சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போனவள் பார்த்துவிட்டேன். அவர் கையில் ஒரு கிண்ணம். கிண்ணம் நிறைய சிவப்பு ஒயின். அதற்குள் வெந்த முடிச்சுகளைப் போட்டு, கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

“என்ன பார்க்கறே? திராட்சை அறுக்கற ஆளுங்க இங்க எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவாங்க.”

“அப்போ எங்க மாமா செஞ்சதுல என்ன தப்பு?”

“இது தொல்செத்தோ. தினமும் குடிக்கற ஒயின். பரோலோவை யாரும் கிண்ணத்துல ஊத்த மாட்டாங்க.” கொஞ்ச நேரம் மென்றார். “ஆனா அதுக்காக நான் எந்திரிச்சுப் போகலை. அவர் வாளியில ஊத்திக் குடிச்சிருந்தாலும் நான் உக்காந்திருப்பேன்.”

“பின்னே எதுக்குப் போனீங்க?”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். மாமா, அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

“அந்தப் பரோலோவைப் போட்டு எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? பீப்பாய்ல இருக்கறப்ப அது பேசாது. பாட்டில்ல போனா அதுவும் பேசாது. நல்லா வந்திருக்கா, இல்லையான்னு தெரிஞ்சிக்க ஒரே ஒரு வழிதான். அதை முதல்முதலா குடிக்கறவன் மூஞ்சியைப் பார்க்கணும். வாயால ஆயிரம் பொய் சொல்லலாம், மூஞ்சி சொல்லாது. என் வீட்ல எல்லாருக்கும் பயம், நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. உன் மாமா யாருக்கும் பயப்படாத ஆளுன்னு கேள்விப்பட்டேன். அவர் மூஞ்சியைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். அவர் திரும்பிட்டாரு.”

இதுதான், மாமா. ஊற்றியதற்கு அல்ல. நம் ஊர் மரியாதை முகத்தை மறைப்பது. இவர் முகத்துக்காகவே வந்தவர்.

“மன்னிப்புக் கடிதாசியெல்லாம் வேணாம்” என்று அவரே சொல்லிவிட்டார். “கல்யாணத்தன்னைக்கு என் எதிர்ல உக்காந்து குடிக்கட்டும். பிடிக்கலேன்னா மூஞ்சியைச் சுளிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சா போதும்.”

உங்களுக்காக நான் அவரோடு சண்டை போட்டேன். இப்போது அவருக்காக உங்களோடு போடுகிறேன். ஒரே ஒரு கேள்வி. வழக்கம் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அந்த வழக்கத்தை நீங்கள் செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திரும்புவீர்கள், ஒரே உறிஞ்சு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே மேசைக்குத் திரும்பிவிடுவீர்கள். அன்று நீங்கள் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தொப்பியை எடுத்து, கோட்டை மாட்டி, அம்மாவிடம் விடைபெற்று, கதவைச் சாத்தும் வரை நீங்கள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏன்?

நீவெஸ்

*

படகுப் பாலம்
1 பிப்ரவரி 1972

நீவெஸ் மருமகளுக்கும், நீ படித்துக் காட்ட நினைத்தால் அந்தக் கிண்ணக்காரருக்கும்,

முதலில் என் நிபந்தனைகள். போரில் தோற்காதவன் நிபந்தனை விதிக்கலாம்.

பன்னிரண்டாம் தேதி கல்யாணத்துக்கு வருகிறேன். உன் அம்மாவும் நானும் முந்தின நாளே ரயில் ஏறுகிறோம். என் மடியில் லம்புருஸ்கோ பாட்டில்கள் இருக்கும். நிமிர்த்தித்தான் கொண்டு வருவேன், சாய்த்தால் ரயில் தடம் புரளும். பந்தியில் எனக்கு அவருக்கு நேர் எதிரில் நாற்காலி போட வேண்டும். நடுவில் பூ, மெழுகுவர்த்தி, பாதிரியார் எதுவும் மறைக்கக் கூடாது. சூப் வரும்போது நான் எழுந்து நிற்பேன். அவருடைய பரோலோவைத்தான் கிண்ணத்தில் ஊற்றுவேன். மலைநாட்டுக்காரர்கள் மொத்தமாக மூர்ச்சை போட்டு விழட்டும், ஊற்றுவதை நிறுத்த மாட்டேன். எங்கள் ஊரில் மேசையில் இருப்பதிலேயே மேலான ஒயினைத்தான் கிண்ணத்தில் ஊற்றுவது. மேலானது என்று நான் சொல்லவில்லை, வழக்கம் சொல்கிறது.

ஆனால் திரும்ப மாட்டேன். மாந்துவாவில் பிறந்த ஒருவன் உறிஞ்சுகிற மூஞ்சியை இன்னொருவன் நேருக்கு நேர் பார்ப்பது உலகம் தோன்றியதிலிருந்து அதுவே முதல் தடவையாக இருக்கும். அழகான காட்சி அல்ல என்று முன்கூட்டியே எச்சரித்துவிடு. பதிலுக்கு அவரும் ஒன்று செய்ய வேண்டும். என் லம்புருஸ்கோவைச் சலாமியோடு குடிக்க வேண்டும், நான் மூஞ்சியைப் பார்ப்பேன். அவர் சிரிக்கவே மாட்டார் என்பாய். நுரை மூக்கில் ஏறினால் குதிரைச் சிலையே சிரிக்கும். ஆற்றங்கரைச் சதுக்கத்தில் ஒரு குதிரைச் சிலை இருந்தது; சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்துவிட்டதால்தான் இப்போது அங்கே இல்லை.

தனியாக நடக்கும் எண்ணத்தை விட்டுவிடு. என் கை சும்மாதான் இருக்கிறது.

இனி உன் கேள்வி. ஏன் திரும்பவில்லை என்று கேட்டாய். வாத்தியார் வேலை பார்ப்பவர்களிடம் இதுதான் தொல்லை, எல்லாவற்றுக்கும் விடை வேண்டும்.

என் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள். பனி சுமார்தான், நீ சொன்னது சரி. படகு எதுவும் அவிழவில்லை. டிராக்டரும் பால் வண்டியும் பலகைமேல்தான் போயின. உன் அம்மா அறுத்தது ரொட்டியைத்தான். போ ஆறு உயரவில்லை. என் லம்புருஸ்கோ தொலையவும் இல்லை, என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது என்று எழுதினேனே, அதுவும் பொய். அவருடைய ஒயினை ஊற்றியதும் சூப் ஆறிவிட்டது. ஆறின கிண்ணத்திலிருந்து கண்ணில் அடிக்க ஒன்றும் கிளம்பாது.

அவர் கோப்பையைத் தூக்கி “எங்க பொண்ணு” என்று சொன்னாரே, அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. “எங்க பொண்ணு” என்று முப்பது வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருத்தர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, சர்வ சாதாரணமாக, மறு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நான் எழுந்தேன், ஊற்றினேன், திரும்பினேன், அவ்வளவுதான்.

உன் அம்மா அளவாகத்தான் உப்புப் போட்டிருந்தாள். குடிக்கும்போது கிண்ணத்தில் கொஞ்சம் கூடியிருந்தது. அது மட்டும் உண்மை.

எர்மெஸ்